வெல்டிங் முடிந்த பிறகுள்ள ஒரு மணித்தியாலம்

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் கட்டட வேலை மும்முரமாக நடக்கும். மழை மறிக்காது. ஆனால் புல், கிடுகு, பலகை எல்லாம் காய்ந்து கிடப்பதும் அப்போதுதான்.

கூரைச் சட்டத்தை வெல்டிங் செய்யும்போது தெறிக்கிற உருகிய இரும்புத் துளி 10 மீற்றர் வரைக்கும் உருண்டோடும். மரத்தூளுக்குள்ளோ வெறும் சீமெந்துப் பைகளுக்குள்ளோ போய்க் கங்காகக் கிடக்கும். உடனே பற்றினால் யாராவது கண்டு அணைத்துவிடுவார்கள். ஆட்கள் வீட்டுக்கு வெளிக்கிட்ட பிறகு காற்றுப்பட்டுப் பற்றுவதுதான் ஆபத்து.

அதனால் தொடங்கமுன் சுற்றிவர 11 மீற்றருக்கு எரியக்கூடியதை அகற்றுங்கள். அகற்ற முடியாத கதவு நிலை, சன்னல்களைத் தகரத்தால் மூடுங்கள். தறப்பாள் போட்டால் அதுவே எரியும். கீழே நிலத்தை நனைக்கலாம், ஆனால் வெல்டிங் செய்பவர் நிற்கிற இடம் நனையக்கூடாது, மின்சாரம் தாக்கும். பொறி விழும் பக்கத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். வேலை முடிந்தும் ஒரு மணித்தியாலம் அவர் அங்கேயே நிற்கவேண்டும். ஐந்து மணிக்கு எல்லோரும் போவதென்றால், நாலு மணியோடு வெல்டிங்கும் கிரைண்டரும் நிற்கவேண்டும். அந்த ஒரு மணித்தியாலக் கூலியை மிச்சம்பிடிக்காதீர்கள்.

வயர் ரோலை முழுக்க அவிழ்த்த பிறகே பாவியுங்கள். சுருளாக இருந்தால் உள்ளே சூடேறி உறை உருகும். ஜெனரேற்றரை நிறுத்தி ஆறவிட்டுத்தான் பெற்றோல் விடவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, நிலத்தோடு தவழ்ந்துபோய்த் தள்ளியிருக்கும் தேநீர் அடுப்பில் பற்றும். பெயின்ற், தின்னர், ரெஜிபோம் இருக்கும் கொட்டிலில் ஆட்களைப் படுக்கவிடவேண்டாம்.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்துதான் தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது. கிரவல் ஒழுங்கைக்குள் இருக்கும் காணிக்கு வண்டி வந்துசேர இன்றும் நேரமெடுக்கும். 110க்கு அழைத்துவிட்டு, வரும்வரை கையில் இருப்பதை வைத்தே சமாளிக்கவேண்டும். கிணற்று மோட்டரை நம்பாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். 200 லீற்றர் பரல் ஒன்றை நிரப்பி, இரண்டு வாளியோடு வையுங்கள். வயரிலும் பெற்றோலிலும் பற்றிய தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. அதற்கு 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான் வேண்டும். ஏறக்குறைய 20 விநாடியில் தூள் தீர்ந்துவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவாலையின் மேலல்ல, எரியும் பொருளின் அடியில் இடம்வலமாக அடியுங்கள். தீயணைப்பானின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

காணி துப்புரவாக்கும்போது பற்றை, வேர்க்கட்டை, குப்பையைக் குவித்துக் கொளுத்துவதையும் நிறுத்தவேண்டும். எங்கள் மண்ணுக்குள் போர்க்கால வெடிபொருட்கள் இன்னும் கிடக்கின்றன. மேலே மூட்டும் தீயின் சூடே அவற்றை வெடிக்க வைக்கும். குப்பையை ஏற்றி அனுப்புங்கள். அத்திவாரம் வெட்டும்போது சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் ஆட்களை விலக்கி, 119க்கு அறிவியுங்கள்.