பட்டியலில் இல்லாத பழைய கட்டடங்கள்: அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் வழி

"இந்தக் கட்டடம் மரபுப் பட்டியலில் இல்லை, ஆகவே எங்களிடம் கோப்பும் இல்லை." தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பழைய கோயிலைப் பற்றியோ, நம்மவர்கள் காசு சேர்த்துக் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பைப் பற்றியோ விவரம் கேட்டுப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். இதை நம்பி வீடு திரும்பி, அடுத்த செய்தியாகக் கட்டடம் இடிக்கப்பட்டதைக் கேட்டவர்களை நான் அறிவேன். பட்டியலில் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். கோப்பு இல்லை என்பது பெரும்பாலும் தேடாமலே சொல்லப்படுவது. ஒரு கட்டடம் நிற்கும் வரை அதற்கு வரி விதிக்கப்பட்டிருக்கும், மதிப்பு போடப்பட்டிருக்கும், எப்போதாவது வரைபடம் தாக்கல் செய்யப்பட்டிருக்கும். இவற்றில் எதற்கும் பட்டியல் தேவையில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபு வளச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. டர்பன் உள்ள குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அந்த அமைப்பு அமாஃபா. அதற்கு 2018ஆம் ஆண்டின் 5ஆம் எண் மாகாணச் சட்டம் தனியாக உண்டு, அதிலும் இதே 60 ஆண்டு விதி இருக்கிறது. ஆவணம் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 32ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அதை நடைமுறைப்படுத்துவது 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் தகவல் அணுகல் சட்டம், எல்லோரும் பையா என்று சொல்வது. தேசிய மரபு வளச் சட்டத்திலும் பையாவிலும் 34ஆம் பிரிவு இருப்பதால் கடிதத்தில் எந்தச் சட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பையாவின் 34ஆம் பிரிவு மூன்றாம் நபரின் அந்தரங்கம் பற்றியது. வெறுமனே "34ஆம் பிரிவின் கீழ்" என்று எழுதிய கடிதம், மறுப்பதற்கு வசதியான காரணத்தை அதிகாரியின் கையில் நாமே கொடுத்ததாகிவிடும்.

60 ஆண்டு என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் கோடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயம் போன்றவை முன்பே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை, அவற்றின் கதை வேறு. அறிவிப்பு எதுவும் இல்லாத கட்டடத்துக்கு வயது மட்டுமே காவல். டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் முதல் வீடுகளுக்கு 1964இல் குடிவந்தார்கள். 2024இலிருந்து அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இந்த விதிக்குள் வருகின்றன. தன் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க நினைக்கும் சாட்ஸ்வொர்த் குடும்பத்துக்கும், தாத்தா காலத்துக் கோயிலைக் காப்பாற்ற நினைக்கும் கமிட்டிக்கும் ஒரே கேள்வி எழுகிறது: இது எந்த ஆண்டு கட்டப்பட்டது, அதற்கு எழுத்தில் என்ன சாட்சி?

பத்திரம் அதற்குச் சாட்சியாகாது. பத்திரத்தில் உள்ள தேதி நிலம் கைமாறிய தேதி. நம்முடைய பழைய கட்டடங்களில் பல கரும்பாலை நிலத்திலோ நகராட்சி நிலத்திலோ குத்தகைக்கு எழும்பியவை என்பதால், பத்திரத்தில் கட்டடத்தின் பேச்சே இருக்காது. பத்திரத்தைக் காட்டி "1978இல்தான் வாங்கப்பட்டது, ஆகவே இது பழையது ஆகாது" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெரியவர் ஒருவர், அதே கட்டடத்தின் வாசலில் 1930களில் எடுத்த தன் தகப்பனாரின் படத்தைக் கையில் வைத்திருந்தார். அந்தப் படத்தை வாங்கிப் பார்க்கக்கூட யாரும் முன்வரவில்லை. இப்படிப்பட்ட நிலையில் தேசியப் புவிசார் தகவல் துறையின் பழைய வான்படங்களைக் கேளுங்கள். 1930களிலிருந்து நாட்டின் பல பகுதிகளுக்குப் படங்கள் உள்ளன. ஓர் ஆண்டுப் படத்தில் கூரை தெரிகிறதா இல்லையா என்பது கவுண்டரில் வாதாட முடியாத சாட்சி.

அடுத்த பொறியில் கோயில் கமிட்டிகளே விழுகின்றன. 12 ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் வருகிறது. திருப்பணி என்று பழைய மரத்தையும் தகரத்தையும் கழற்றிவிட்டு ஓடு பதிக்கிறோம், வண்ணம் பூசுகிறோம். தேசியச் சட்டம் "மாற்றம்" என்பதற்குத் தரும் வரையறையில் வண்ணம் பூசுவதும் சாந்து பூசுவதும்கூட அடங்கும். நகராட்சி வரைபடத்தை அங்கீகரித்துவிட்டது என்பது மரபு அனுமதி ஆகாது, இரண்டும் தனித்தனியாக வேண்டும். வரைபடத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் இதைச் சொல்லும் பழக்கம் இல்லை. வேலை பாதியில் நிறுத்தப்படும்போதுதான் கமிட்டிக்குத் தெரிய வருகிறது.

இனி ஆவணம் கேட்பதற்கு வருவோம். கட்டடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்காது. கோப்புகள் எர்ஃப் எண்ணின் (பதிவான மனைக்குரிய எண்) கீழோ, அதற்கு முந்தைய லாட், துணைப்பிரிவு எண்ணின் கீழோ கிடக்கும். வரி பில்லிலும், யாரும் பார்க்கக்கூடிய நகராட்சி மதிப்பீட்டுப் பட்டியலிலும் எர்ஃப் எண் இருக்கும். தெருப் பெயரைப் பழையதும் புதியதுமாகச் சேர்த்தே எழுதுங்கள். இன்று டாக்டர் கூனம் தெருவில் உள்ள கடையின் 1950களின் வரைபடம் பிரின்ஸ் எட்வர்ட் தெரு என்ற பெயரில்தான் இருக்கும். கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாது தெரு ஆனது, விக்டோரியா தெரு பெர்த்தா ம்கிசே தெரு ஆனது. புதுப் பெயரை மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதித் தருவது ஊழியருக்கு எளிது.

விண்ணப்பம் போடுவதற்கு முன், உரிமை கோராமலே திறந்து கிடப்பவற்றைப் பார்த்துவிடுங்கள். பத்திரப் பதிவகத்தில் யாரும் தேடலாம். அமாஃபாவுக்கு வந்த விண்ணப்பங்கள் பல, மரபு வளங்களுக்கான தேசிய இணையத் தொகுப்பான சாஹ்ரிஸில் உள்ளன. உங்கள் எர்ஃப் எண்ணுக்கு யாராவது இடிப்பு அனுமதி கேட்டிருக்கிறார்களா என்பதை அங்கே காணலாம். 20 ஆண்டு கடந்து ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்ட அரசுப் பதிவுகள் பொதுவாக மக்கள் பார்வைக்கு உரியவை, டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் காப்பகங்கள் உண்டு. பள்ளிக்கூடம் என்றால் மரபு அலுவலகத்தில் மட்டும் தேடி நிற்காதீர்கள். அரசு உதவி பெற்ற இந்தியர் பள்ளிகளின் கட்டடக் கடிதப் போக்குவரத்து கல்வித் துறை, பொதுப்பணித் துறைக் கோப்புகளில் கிடக்க வாய்ப்பு அதிகம்.

இவற்றில் கிடைக்காததற்குத்தான் பையா விண்ணப்பம், அதாவது படிவம் 2. இதை வாய்மொழிப் பேச்சாக விட்டுவிடாதீர்கள். கவுண்டரில் சொன்ன "இல்லை"க்கு மேல்முறையீடு கிடையாது, எழுதிய "இல்லை"க்கு உண்டு. தகவல் அலுவலரின் பெயருக்கே அனுப்புங்கள். நகராட்சியில் அவர் நகராட்சி மேலாளர். எழுதப் படிக்க இயலாத பெரியவர்கள் வாய்மொழியாகவே கேட்கலாம். அதைப் படிவத்தில் எழுதி ஒரு பிரதியைக் கையில் தருவது அலுவலகத்தின் கடமை. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள், அவர்கள் பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கு அந்த முத்திரையிலிருந்தே தொடங்குகிறது.

படிவத்தில் எந்த ஆவணம் என்ற கட்டத்தில் "கோயிலைப் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால், தெளிவில்லை என்று திரும்பி வரும். எர்ஃப் எண், இரண்டு தெருப் பெயர்கள், ஆண்டு வரம்பு ஆகியவற்றோடு, தாக்கலான கட்டட வரைபடங்கள், ஆய்வாளர் குறிப்புகள், மாற்றம் அல்லது இடிப்புக்கான விண்ணப்பங்கள், அவற்றின் மீதான முடிவுகள், மரபுக் கணக்கெடுப்பில் இக்கட்டடத்துக்குரிய தாள் என்று பிரித்து எழுதுங்கள். திட்டமிடல் ஆவணங்களைத் திருத்தும்போது உள்ளூர் அமைப்பு தன் பகுதியின் மரபு வளங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது தேசியச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. அந்தக் கணக்கெடுப்பில் இருந்து, இறுதிப் பட்டியலில் சேராமல் போன கட்டடங்களின் தாள்கள்தான் நமக்கு மிகவும் தேவைப்படுபவை, யாரும் தானாக எடுத்துத் தராதவை.

எந்த உரிமையைக் காக்கக் கேட்கிறீர்கள் என்றொரு கட்டமும் படிவத்தில் உண்டு. அது தனியாரிடம் கேட்பவர்களுக்குத் தேவைப்படுவது. அரசு அமைப்பிடம் கேட்கும்போது காரணம் எதுவானாலும் உரிமை பாதிக்கப்படாது என்கிறது பையாவின் 11ஆம் பிரிவு. ஆனாலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்பும் ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதால், "அரசு அமைப்பிடம் விண்ணப்பம், பிரிவு 11(3)" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, உரிமையாளரின் சம்மதக் கடிதமும் இந்தச் சட்டத்தின் நிபந்தனை ஆகாது. வரைபடப் பிரிவின் வழக்கமான நகல் சேவைக்கு அது கேட்கப்படலாம். அந்த வழக்கத்தைப் பையா விண்ணப்பத்தின் மேல் ஏற்றுவதுதான் தவறு.

விண்ணப்பக் கட்டணம் 100 ராண்ட், நகல் பக்கத்துக்கு 1.50 ராண்ட். வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு என்று அறிவிப்புப் பலகை சொல்லும். அந்த வரம்பு தனி நபருக்கு ஆண்டுக்கு 14,712 ராண்ட், 2005இல் வைத்தது. முதியோர் உதவித்தொகையின் ஓராண்டுத் தொகையே அதைத் தாண்டிவிடுகிறது. ஏழைகளுக்கென்று எழுதிய விலக்கு இப்படித்தான் இருக்கிறது, ஆகவே கட்டணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அலைக்கழிப்பு இதன் பிறகு தொடங்கும். நகராட்சி அமாஃபாவைக் கேள் என்னும், அமாஃபா நகராட்சியைக் கேள் என்னும், கேப் டவுனில் உள்ள தேசிய மரபு அமைப்புக்கு எழுதினால் மாகாணத்துக்குப் போகச் சொல்லும். அலைய வேண்டியவர் நீங்கள் இல்லை. ஆவணம் வேறோர் அரசு அமைப்பிடம் இருந்தால், விண்ணப்பத்தை 14 நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்பி உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது பையாவின் 20ஆம் பிரிவு. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள்.

"கோப்பு தொலைந்துவிட்டது" என்றால் 23ஆம் பிரிவைக் கேளுங்கள். எங்கெங்கே தேடினார்கள், யாரைக் கேட்டார்கள் என்று முழு விவரத்துடன் பிரமாணப் பத்திரம் தந்தாக வேண்டும். சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும் என்று வரும்போது தேடலுக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. ஒரு சமூகக் கூடத்தின் வரைபடம் இல்லவே இல்லை என்று பலமுறை சொன்ன அலுவலகம், பிரமாணப் பத்திரம் கேட்ட பிறகு அதே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தை அழிப்பதும் மறைப்பதும் 90ஆம் பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை.

"பொப்பியா இருக்கிறது, தர முடியாது" என்பது இப்போது எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது. பொப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு கோப்பை முழுவதுமாகப் பூட்டி வைக்கும் சாவி ஆகாது. இறந்து 20 ஆண்டு கடந்தவரின் விவரம் பையாவில் தனிநபர் தகவலாகவே கருதப்படுவதில்லை. உயிரோடிருப்பவரின் அடையாள எண்ணோ தொலைபேசி எண்ணோ இருந்தால் அதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. 1940களின் கட்டட வரைபடத்தில் யாருடைய அந்தரங்கம் கெடப்போகிறது? மூன்றாம் நபரின் பாதுகாக்கப்பட்ட தகவல் உண்மையிலேயே இருந்தால் அவருக்கு 21 நாட்களுக்குள் அறிவித்து, பதிலுக்கு 21 நாள் கொடுப்பார்கள். அப்போது காத்திருப்பு இரண்டு மாதத்தை நெருங்கும்.

30 நாளில் பதில் இல்லையென்றால் சட்டப்படி அது மறுப்புதான். "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்ற தொலைபேசிப் பேச்சை நம்பி மேல்முறையீட்டுக் காலத்தை இழந்துவிடாதீர்கள். காலநீட்டிப்பு வேண்டுமானால் அவர்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதுவும் ஒரே முறை, மேலும் 30 நாளுக்குள். அடுத்த படியில் மிகப் பெரிய பொறி இருக்கிறது. நகராட்சியோ அரசுத் துறையோ மறுத்தால் முதலில் 60 நாட்களுக்குள் படிவம் 4இல் உள் மேல்முறையீடு. அது முடியாமல் தகவல் ஒழுங்காற்றுநரிடம் போனால் புகார் ஏற்கப்படாது. அமாஃபா போன்ற சட்டமுறை நிறுவனம் மறுத்தால் உள் மேல்முறையீடு என்பதே கிடையாது, 180 நாட்களுக்குள் படிவம் 5இல் நேரே ஒழுங்காற்றுநரிடம் போக வேண்டும். அமாஃபாவுக்கு மேல்முறையீடு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களின் 180 நாள் யாருக்கும் தெரியாமல் கரைந்துகொண்டிருக்கும்.

ஆவணம் கரும்பாலைக் கம்பெனியிடம் இருந்தால் விதி தலைகீழ். தனியாரிடம் கேட்கும்போது, எந்த உரிமையைக் காக்க இந்த ஆவணம் தேவை என்று காட்டியாக வேண்டும். வரலாற்று ஆர்வம் என்று எழுதினால் மறுப்பு வரும்; கோயிலில் தொடர்ந்து வழிபட்டு வருவது, குத்தகை ஒப்பந்தம், முன்னோர் அடக்கமான இடத்துக்குப் போய் வரும் வழி என்று உங்களிடம் உண்மையில் உள்ள உரிமையைத் தெளிவாக எழுதுங்கள்.

இடிக்கும் இயந்திரம் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது என்றால் பையாவை எடுக்காதீர்கள், 30 நாள் அதற்கு உதவாது. ஒப்பந்தக்காரரிடம் அனுமதி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சாஹ்ரிஸில் சரிபார்த்து, எண் இல்லையென்றால் தேதி தெரியும் படங்களோடு அமாஃபாவுக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பி வேலை நிறுத்த உத்தரவு கேளுங்கள். நகராட்சியின் கட்டட ஆய்வுப் பிரிவுக்கும் அதே மடலில் ஒரு பிரதி போகட்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. இடிப்பவர்களுக்கும் அது தெரியும் என்பதால், சந்தேகம் எழுந்த நாளே எழுதுங்கள்.