வெள்ளைக்கல் சூளைப் புகையிலிருந்து மெத்தனால்

பகல் வெயிலின் மின்சாரத்தை ராத்திரிக்கு நகர்த்த பேட்டரி போதும். ஆடிக் காற்றில் மிஞ்சுவதை மார்கழிவரை வைத்திருக்க அது கட்டுப்படியாகாது. ஹைட்ரஜனாக மாற்றி வைக்கலாம். ஆனால் அதைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்துச் செய்யும் மெத்தனால் எரிபொருளோ சாதாரண வெப்பத்திலேயே திரவம். கொதிப்பது 64.7 டிகிரியில். மூடிய இரும்புத் தொட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜன், 1,375 கிலோ கார்பன் டை ஆக்சைடு தேவை. இரண்டாவது சரக்குக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. ஏற்காடு மலையடிவாரத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சூளையில் சுட்டால் அதன் எடையில் 52 சதவீதம் இந்த வாயுவாகப் போய்விடும். சுமார் 2,650 கிலோ கல்லில் ஒரு டன் மெத்தனாலுக்கான வாயு கிடைக்கிறது. சேகோ ஆலைக் கழிவுநீரின் பயோகேஸிலும் இது உண்டு. அந்தக் கார்பன் மரவள்ளி காற்றிலிருந்து எடுத்தது என்பதால், பருவநிலைக் கணக்கில் அதுவே மேல்.

ஹைட்ரஜனுக்கு, 25–30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிக்கல் மின்வாய்களை வைத்து, 70–80 டிகிரியில் தண்ணீரைப் பிளக்கிறோம். கிலோவுக்கு 50–55 யூனிட் மின்சாரமும், சுத்திகரித்த தண்ணீர் சுமார் 10 லிட்டரும் செலவு. போர் தண்ணீரை அப்படியே விட்டால் உப்பு மின்வாயில் படியும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு அயனி நீக்கியும் அவசியம்.

சிக்கல் வருவது காற்று தளரும்போது. மின்சாரம் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்தியும் குறையும். ஆனால் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவிலுள்ள சவ்வு வழியாகக் கசியும் ஹைட்ரஜன் அதே அளவில் குறைவதில்லை. அதனால் ஆக்சிஜன் குழாயில் ஹைட்ரஜன் பங்கு ஏறிக்கொண்டே போகும். 4 சதவீதத்தில் வெடிக்கும் நிலை. 2 சதவீதத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். இந்த இறக்கத்தைத் தாங்கிப்பிடிக்க ஒரு சிறு பேட்டரி நல்ல முதலீடு.

அடுத்து, இரண்டு வாயுக்களையும் 50–80 பார் அழுத்தத்தில், 220–270 டிகிரியில், செம்பு–துத்தநாக ஆக்சைடு வினையூக்கிக் குளிகைகளின் மேல் செலுத்த வேண்டும். ஒரே சுற்றில் எல்லாம் மாறாது. மிச்சத்தைத் திருப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். டன்னுக்கு 560 கிலோ தண்ணீரும் சேர்ந்து வரும், அதைக் காய்ச்சி வடித்துப் பிரிக்கலாம். செம்புக்கு முதல் எதிரி கந்தகம். சூளை எண்ணெயில் எரிந்தால் புகையில் கந்தகம் இருக்கும். அது செம்பின் மேல் ஒட்டினால் பிரியாது, குளிகை செத்துவிடும். எனவே புகையைக் காஸ்டிக் சோடாவில் கழுவி, அமீன் கரைசலில் கார்பன் டை ஆக்சைடை மட்டும் உறிஞ்சி, கடைசியில் துத்தநாக ஆக்சைடு படுகை வழியே விட வேண்டும். வெப்பம் 300 டிகிரியைத் தாண்டினாலும் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று உருகாமலே ஒட்டிப் பெருத்து, வினை நடக்கும் பரப்பு சுருங்கும்.

ஒரு டன் மெத்தனாலுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவு. அந்த மெத்தனாலில் அடங்கும் ஆற்றல் 5,500 யூனிட். ஜெனரேட்டரில் எரித்தால் திரும்புவது ஏறக்குறைய 2,200 யூனிட்தான். தினசரி உபயோகத்துக்கு இது நஷ்டம். காற்றும் வெயிலும் சேர்ந்து கைவிடும் வாரங்களுக்கும், எண்ணெய் இல்லாமல் ஓடாத உலைகளுக்கும்தான் இது சரி.

அமீனிலிருந்து வாயுவைப் பிரிக்க 120 டிகிரி வெப்பம் வேண்டும். மெத்தனால் வினை வெளியிடும் வெப்பம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியைச் சூளையின் வீண் வெப்பம் தரலாம். மின்சாரம் கம்பியில் எவ்வளவு தூரமும் வரும், வெப்பம் வராது. ஆகவே இந்த ஆலையைக் காற்றாலைக்கு அருகே அல்ல, சூளையை ஒட்டியே கட்ட வேண்டும்.