சுருதிப்பெட்டிக்குள் ஒரே கடிகாரம்

நாதஸ்வரக் கச்சேரியில் விடாமல் சுருதி பிடித்து ஒத்து ஊதுபவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டிதான் இருக்கிறது. அதைக் கையால் பத்து, இருபது என்று செய்து விற்க நினைப்பவருக்கு, அதுவும் மதுரையில், முதல் எதிரி வெயில்.

சுரம் உண்டாக்க எளிய வழி ஒரு ரெசிஸ்டர், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர், துடிப்பு உண்டாக்கும் 555 என்ற ஐ.சி. சில்லு. கெப்பாசிட்டர் எவ்வளவு வேகமாக நிரம்பிக் காலியாகிறதோ, அதுதான் சுருதி. சாதாரண பாலியெஸ்டர் கெப்பாசிட்டரின் அளவு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.04% கூடும். காலையில் 25 டிகிரியில் சேர்த்த சுருதி, சித்திரை மதியம் மாசி வீதியின் 40 டிகிரியில் 0.6% இறங்கியிருக்கும். அடுத்தடுத்த சுரத்தானங்களுக்கு நடுவே இருப்பதே சுமார் 6%. அதில் பத்தில் ஒரு பங்கு போச்சு. நாதஸ்வரமோ காற்று சூடானால் சுருதி ஏறும். பெட்டி ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம்.

இருந்தாலும் பெட்டி மொத்தமாக இறங்கினால் திருகைத் திருப்பிச் சேர்த்துக்கொள்ளலாம். சட்ஜமும் பஞ்சமமும் தனித்தனியாக நகர்வதுதான் பெரிய கேடு. 1 கட்டை என்ற சுருதி அளவில் சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 131 அதிர்வு). எந்தச் சுரத்தோடும் அதன் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே ஒலிக்கும், அவை அனுசுரங்கள். சட்ஜத்தின் மூன்றாவது அனுசுரமும் பஞ்சமத்தின் இரண்டாவது அனுசுரமும் 393-இல் ஒன்றாக விழ வேண்டும். பஞ்சமம் மட்டும் 0.3% விலகினால் இரண்டும் மோதி, நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் அலை எழும். சுரத்துக்கொரு ஆசிலேட்டர் (அதிர்வு உண்டாக்கும் சுற்று) வைத்த பெட்டியில் இதிலிருந்து தப்பிப்பது கஷ்டம்.

ஆகவே ஒரே கடிகாரம், அதாவது எல்லாச் சுரத்துக்கும் பொதுவான ஒரே துடிப்புச் சுற்று. அதைச் சட்ஜத்தின் 12 மடங்கில், 1572 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு, 12-ஆல் வகுத்தால் சட்ஜம், 9-ஆல் மத்யமம், 8-ஆல் பஞ்சமம், 6-ஆல் மேல் சட்ஜம். துடிப்பை எண்ணி வகுக்கும் சில மலிவான கவுன்ட்டர் ஐ.சி.க்கள் போதும். வெயிலில் கடிகாரம் நகர்ந்தாலும் சுரங்களுக்குள் உள்ள உறவு நகராது. மிச்சமாகும் காசை நல்ல கெப்பாசிட்டரில் போடலாம். ஆம்ப்ளிஃபையரில் கொட்டுவதைவிட அது மேல்.

மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றும் சில்லு) வைத்தால், அதன் துடிப்பைத் தரும் குவார்ட்ஸ் படிகம் வெயிலையே பொருட்படுத்தாது. ஆனால் சுருதி சேர்க்கும் திருகு சண்டை போடும். இரண்டு ஸ்தாயியை ஒரே திருகில் அடக்கி 1024 படியாக வாசித்தால், ஒரு படி அரைச்சுரத்தில் நாற்பதில் ஒரு பங்குக்கு வரும். திருகு இரண்டு படிக்கு நடுவே நின்றால் சுருதி துடிக்கும். கட்டைக்கு 12 நிலை சுவிட்சும் நுண்திருத்தத்துக்குத் தனித் திருகும் வைத்தால் சரியாகும், செலவு கூடும்.

அடுத்தது நாதம். மூன்று அங்குல ஸ்பீக்கரில் 131 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட வராது. ஆனாலும் 262, 393, 524 கேட்டால் காது 131-ஐத் தானே கட்டிக்கொள்ளும். ‘கரகரப்பைக் குறைக்கிறேன்’ என்று மேல் அனுசுரங்களை அதிகம் வடிகட்டினால் அடிச்சுரமும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று, பாதி நேரம் மேலும் பாதி நேரம் கீழும் இருக்கும் சரிபாதி சதுர அலையில் ஒற்றைப்படை அனுசுரங்கள் மட்டுமே உண்டு. துடிப்பைக் குறுக்கினால் இரட்டைப்படையும் வந்து, ஆர்மோனிய நாக்கின் சாயல் வரும். காதுக்கு ரீங்காரம் அதிகம்தான். தவில் சத்தத்துக்கு நடுவே அதுவே கேட்கும்.

கைபேசிச் செயலி இலவசமாகக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நடு ஆலாபனையில் ஒரு அழைப்பு வந்தால் கேட்டவருக்கே விளங்கும்.

பெட்டிக்கு மரமோ மடித்த தகடோ போதும், பிளாஸ்டிக் அச்சு இருபது பெட்டிக்குக் கட்டாது.

பழுது வந்தால் யார் பார்ப்பது? நிரல் ஏற்றிய சில்லு போனால் செய்தவரிடமே வர வேண்டும். கவுன்ட்டர் ஐ.சி. என்றால் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ டிவி பழுது பார்ப்பவரே மாற்றிவிடுவார், ஸாக்கெட்டில் சொருகியிருந்தால் சால்டர் வைக்காமலேயே. ஸாக்கெட் அதிர்வில் கொஞ்சம் தளரும். அதற்கு, திறந்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.