டெக்கின் பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கீழே குனிந்து பாருங்கள்

ஸ்னோ கரைந்து பின்வளவில் புல் தெரியத் தொடங்கியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "தம்பி, டெக் பழசாப் போச்சு. பலகையை மட்டும் மாத்தினால் காணுந்தானே?"

டெக் என்றால் வீட்டின் பின்பக்கத்தில் மரச் சட்டத்தின்மேல் பலகை அடித்துக் கட்டும் திறந்த மேடை. ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கங்களில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளைப் பரிசோதிப்பது என் தொழில். போன வாரம் பார்த்த டெக்கோடு பொறுமை போய்விட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன். மேலே அருமையான கொம்போசிற் பலகை, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது. போட்டு மூன்று ஆண்டு, ஒரு கீறல்கூட இல்லை. கீழே படுத்து, அந்தப் பலகையைத் தாங்கும் ஜொயிஸ்ட் சட்டத்தின் மேல் விளிம்பில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். இரும்பு முழுவதும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது முனையில் ஈரமான கபில நிறத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த சட்டமும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். அந்த வீட்டில் அடுத்த மாதம் மகளின் சாமத்தியச் சடங்கு. குடும்பப் படம் எடுக்க டெக்கைத்தான் அலங்கரிக்கப் போகிறார்களாம்.

புதுப் பலகைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்திருக்கிறார்கள். பழைய பலகையைக் கழற்றிய அன்று சட்டம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் திறந்து கிடந்திருக்கும். பார்த்தவர் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பலகை டெக்கின் தோல் மட்டும்தான். ஆட்களைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் ஜொயிஸ்ட், அவற்றைச் சுமக்கும் வளை, தூண், தூணுக்கு அடியிலுள்ள கொங்கிரீட், வீட்டுச் சுவரில் டெக்கைப் பிடித்து வைத்திருக்கும் லெட்ஜர் பலகை. ஊரில் கிடுகு மாற்றி வேயும்போது கைமரம் உக்கியிருந்தால் அதன்மேல் புதுக் கிடுகு வேய்வோமா? முதலில் மரத்தை மாற்றுவோம். இங்கே வந்ததும் அந்தப் புத்தியை ஏன் விட்டுவிட்டோம் என்று எனக்குப் புரியவில்லை.

"அது பிரஷர் ட்ரீட்டட் மரம், உக்காது" என்பார்கள். உக்கும். கனடாவில் விற்கும், அழுத்தத்தில் மருந்து ஏற்றிய அந்த மரத்தில் பெரும்பகுதி ஸ்புரூஸ் போன்ற வகை. மருந்து அதற்குள் ஆழமாக இறங்காது, வெளிப்புறத்தில் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். வாளால் அறுத்த முனையில் உள்ளே இருக்கும் மருந்து ஏறாத மரம் வெளியே தெரியும். அந்த முனைக்கு மருந்து பூச வேண்டும். ஒரு சின்ன டின், ஒரு தூரிகை, சில நிமிட வேலை. நான் பார்க்கும் டெக்குகளில் அதைச் செய்திருப்பவர்கள் குறைவு. பலகையை இறுக்கும் ஒவ்வொரு ஸ்குரூவும் ஜொயிஸ்டின் மேல் விளிம்பில் ஒரு துளை போடுகிறது. மழையும் கரைந்த ஸ்னோவும் அந்தத் துளை வழியே இறங்கி, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் தேங்கும். காற்றும் வெயிலும் படாத இடம் அது. பலகை காய்ந்த பிறகும் அங்கே ஈரம் நிற்கும். அதனால்தான் சட்டம் பக்கவாட்டில் பார்க்க நன்றாக இருக்கும்போதே மேல் விளிம்பில் உக்கிப்போயிருக்கும்.

கொம்போசிற் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது பலகைக்குக் கொடுக்கும் உத்தரவாதம். ஏற்கெனவே 20 வயதான சட்டத்தின்மேல் அதைப் போட்டால் பலகை நன்றாக இருக்கும்போதே டெக் போய்விடும். இன்னொன்று, கொம்போசிற் மரத்தைவிட அதிகமாக வளையும். நேராகப் போட்டால் ஜொயிஸ்டுகள் 16 அங்குலத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், சாய்வாகப் போட்டால் 12 அங்குலம். தடித்த மரப்பலகைக்காக 24 அங்குல இடைவெளியில் கட்டிய பழைய சட்டத்தில் அது பொருந்தாது.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது, அதுவும் காசை வீணாக்குவதுதான். பலகை சாம்பல் நிறமாகிவிட்டது என்பதற்காக உறுதியான டெக்கை இடித்துத் தள்ளுகிறார்கள். சாம்பல் நிறம் வெயிலால் வருவது. மேல் நார் மட்டும்தான் நிறம் மாறியிருக்கும், அதற்குக் கீழே மரம் நல்லதாக இருக்கும். நிழல் பக்கத்தில் பச்சையாகப் பாசி பிடிப்பதும் கழுவினால் போகும். மெல்லிய நீள வெடிப்புகளும் மரத்துக்கு இயல்பு. அசிங்கமாக இருக்கிறதே என்று டெக்கை உடைக்காதீர்கள். அழகாக இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். வீடு விற்பதற்கு முன் தடிப்பாகப் பெயின்ட் அடித்த டெக்கைக் கண்டால் நான் வழக்கத்தைவிட அதிக நேரம் கீழே செலவிடுவேன்.

சரி, கீழே போனால் எதைப் பார்ப்பது? முதலில் லெட்ஜர். டெக் விழும்போது பெரும்பாலும் விட்டுப்போவது அந்த இடம்தான். வீட்டோடு ஒட்டியிருக்கும் அந்த நீளப் பலகையில் வரிசையாக போல்ட் தலைகளோ தடித்த கட்டமைப்பு ஸ்குரூக்களோ தெரிய வேண்டும். ஆணித் தலைகள் மட்டும் தெரிந்தால் விருந்தாளிகளை அந்த டெக்கில் ஏற்றாதீர்கள். ஆணி, பக்கவாட்டு இழுவையில் மெல்ல மெல்லக் கழன்று வரும். கூட்டம் நின்று ஆடும்போது அந்த இழுவைதான் வருகிறது. அடுத்தது, லெட்ஜருக்கு மேலே சுவரிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும் பிளாஷிங் தகடு இருக்கிறதா? அது இல்லையென்றால் தண்ணீர் லெட்ஜருக்குப் பின்னால் இறங்கி, வீட்டின் சொந்த மரச் சட்டத்தையே உக்க வைக்கும். அப்புறம் நீங்கள் செலவழிப்பது டெக்குக்கு அல்ல, வீட்டுக்கு.

ஒன்ராறியோவில் நம் வீடுகளில் பெரும்பாலானவற்றின் வெளிச்செங்கல், வீட்டைத் தாங்கும் சுவர் இல்லை. உள்ளே இருக்கும் மரச் சட்டத்துக்கு முன்னால் எழுப்பிய ஒற்றை வரிசைச் செங்கல் அது. டெக்கின் பாரத்தை அந்தச் செங்கலில் தொங்கவிடக் கூடாது. செங்கலில் மட்டும் போல்ட் அடித்த லெட்ஜரைக் கண்டால், சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வீட்டுப் பக்கத்திலும் தனித் தூண் வரிசை போட்டு டெக்கைத் தன் காலில் நிற்க வைக்கச் சொல்வேன்.

கலிபோர்னியாவின் பேர்க்லியில் 2015 ஜூன் 16 அன்று ஒரு பிறந்தநாள் விருந்தின்போது அடுக்குமாடி பல்கனி உடைந்து விழுந்து 6 இளையவர்கள் இறந்தார்கள், 7 பேர் காயப்பட்டார்கள். கட்டிப் பத்து ஆண்டுகூட ஆகாத கட்டடம். தண்ணீர் புகுந்து உள்ளே சட்டங்கள் உக்கியிருந்ததும், மூடிய வேலைப்பாட்டுக்குள் அது வெளியே தெரியாமல் இருந்ததும்தான் காரணம். அதனால்தான் டெக்கின் அடியை முற்றாகப் பலகை அடித்து மூடுவது எனக்குப் பிடிக்காது. மூடத்தான் வேண்டுமென்றால் கழற்றக்கூடிய ஒரு பகுதியாவது வையுங்கள்.

ஜொயிஸ்டுகளை மேல் விளிம்பிலும் இரு முனைகளிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை சற்றுப் பதியும், அதற்குமேல் போகாது. கால் அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் உக்கல்தான். தூணை நிலத்தோடு தொடும் இடத்தில் குத்துங்கள். மண்ணுக்குள் அல்லது கொங்கிரீட்டுக்குள் நேரடியாகப் புதைத்த தூண் நில மட்டத்தில்தான் முதலில் போகும். ரொறன்ரோப் பகுதியில் கொங்கிரீட் அடித்தளம் குறைந்தது 4 அடி ஆழம் போக வேண்டும். இல்லையென்றால் உறைபனி அதை மேலே தள்ளும், வசந்தத்தில் மீண்டும் இறங்கும், ஒவ்வொரு ஆண்டும் லெட்ஜரில் இருக்கும் போல்டை நெம்பும். வெளி விளிம்பு உயர்ந்து தண்ணீர் கதவுப் பக்கம் ஓடி வருகிறதென்றால் விஷயம் இதுதான்.

இரும்பையும் பாருங்கள். 2003 இறுதியோடு ஆர்சனிக் கலந்த பழைய மருந்து மரம் வீட்டுப் பாவனைக்கு விற்பது நின்றது. அதற்குப் பின் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். சாதாரண ஆணியையும், ஜொயிஸ்டின் முனையைத் தாங்கும் மெல்லிய பூச்சு இரும்புக் கொழுவிகளையும் அது அரித்துவிடும். 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய டெக்குகளில் மரம் நன்றாக இருக்க, ஜொயிஸ்டைத் தாங்கும் இரும்புக் கொழுவி துருவேறிக் கையால் உடைக்கும் நிலையில் இருப்பதைப் பார்க்கிறேன். அதற்கும் பழைய டெக் என்றால் மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். முகமூடி இல்லாமல் அறுக்காதீர்கள். கழற்றிய மரத்தைப் பின்வளவுக் குழியில் போட்டு ஒருபோதும் எரிக்காதீர்கள், புகையும் சாம்பலும் நஞ்சு. அதன்மேல் இறைச்சி வாட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கைபிடியைப் பிடித்து வெளிப்பக்கம் தள்ளுங்கள். ஆடினால் இன்னொரு ஆணி அடிப்பது தீர்வல்ல, அதன் தூணை உள்ளே சட்டத்தோடு போல்டில் இறுக்க வேண்டும். படம் எடுக்கும்போது எல்லோரும் சாய்வது அங்கேதான்.

இப்போது முடிவுக்கு வருவோம். லெட்ஜர் ஒழுங்காக இறுக்கப்பட்டு, தூண்கள் அசையாமல், ஜொயிஸ்டுகள் குத்தினால் தாங்கினால், டெக்கைத் திருத்துங்கள். பலகை, படி, கைபிடி மூன்றையும் புதிதாகப் போடலாம், அது நல்ல செலவு. ஒன்றிரண்டு ஜொயிஸ்ட் மட்டும் போயிருந்தால் அவற்றுக்குப் பக்கத்தில் முனை முதல் முனை வரை புதுச் சட்டம் சேர்த்து இறுக்கலாம். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்திய பிறகுதான். பல ஜொயிஸ்டுகளில் உக்கல், அல்லது லெட்ஜரும் தூணும் இரண்டுமே கெட்டுப்போய்விட்டன என்றால், ஒரு சதமும் அதன்மேல் போடாதீர்கள். முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

உயரத்துக்கு ஏற்பக் கண்டிப்பும் மாற வேண்டும். வீட்டோடு ஒட்டாமல் ஓரடி உயரத்தில் இருக்கும் டெக்கை இன்னும் ஒன்றிரண்டு கோடை இழுத்துப் பார்க்கலாம், கால் இறங்கினால் சுளுக்கோடு போகும். பேஸ்மென்டிலிருந்து நேரே வெளியே நடக்கும் வீடுகளில் டெக் ஒன்பது, பத்தடி உயரத்தில் நிற்கிறது. அங்கே சந்தேகம் என்றாலே அதைப் பூட்டுங்கள், கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். ஹொட் டப் வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல்தான். 1,500 லீற்றர் தண்ணீர் என்றால் ஆட்கள் ஏற முன்பே ஒன்றரைத் தொன்.

நிலத்திலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் உயரும் டெக்குக்குப் பெரும்பாலான நகராட்சிகளில் பெர்மிட் வேண்டும். "பெர்மிட் எடுத்தால் இழுபறி, நான் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். அந்தப் பெர்மிட்டால்தான் புதைக்க முன் அடித்தளத்தின் ஆழத்தை நகராட்சி ஆய்வாளர் வந்து பார்க்கிறார். தோண்ட முன் நிலத்தடிக் குழாய், வயர் அடையாளமிட ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவையை அழைக்க வேண்டும், அது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. டெக்கின் உயரம் 6 அடிக்குள் என்றால் கைபிடி 36 அங்குல உயரம், அதற்கு மேல் 42. கம்பிகளுக்கு இடையில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, குழந்தையின் தலை போகும்.

நல்ல டெக் வைத்திருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். கறிவேப்பிலை, மிளகாய்ச் சாடிகளைப் பலகையில் நேரே வைக்காதீர்கள். அடியில் ஓரங்குலம் உயர்த்திக் காற்று போக விடுங்கள். கோடை முடிந்து சாடியை உள்ளே எடுக்கும்போது அந்த வட்டம் கறுப்பாக இருந்தால், அதற்கு நேர்கீழே இருக்கும் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். குளிர்காலத்தில் டெக்கின் ஸ்னோவை வீட்டுச் சுவரோடு குவிக்காமல் வெளிப்பக்கம் தள்ளுங்கள்.

பலகை மாற்றத்தான் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டால் ஒப்பந்தத்தில் இந்த வரியை எழுதச் சொல்லுங்கள்: பழைய பலகையைக் கழற்றியதும், புதுப் பலகை அடிக்க முன், வீட்டுக்காரர் வந்து சட்டத்தைப் பார்ப்பார். அன்று வேலைக்கு லீவு போட்டு நில்லுங்கள். ஸ்குரூட்ரைவரோடு ஒவ்வொரு சட்டமாகக் குத்துங்கள், லெட்ஜரையும் கொழுவிகளையும் படமெடுங்கள். கெட்ட சட்டத்தை மாற்ற எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு அடிக்கு விலை பேசி வைத்திருந்தால் அந்த இடத்தில் சண்டை வராது. அந்தப் படங்களைப் பெர்மிட் தாளோடு ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் என்னைப் போன்ற ஒருவர் வந்து முதலில் கேட்பது அதைத்தான்.