பனோரமா: அகலமா, சுற்றா?

'இந்தியன் பனோரமாவுக்குத் தேர்வான படம்' என்று விளம்பரங்களில் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு இந்தச் சொல் அறிமுகம். அப்புறம் அது கைபேசிக் கேமராவுக்குள் வந்து உட்கார்ந்தது. இடமிருந்து வலமாக நகர்த்தினால் நீளமாக ஒரு படம். அதனால் பனோரமா என்றால் அகலமான படம் என்று மனதில் பதிந்துவிட்டது. தமிழிலும் அகலக்காட்சி, பரந்த காட்சி என்று எழுதுகிறோம். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அகலம் அதில் எங்குமே இல்லை.

கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'ஹோராமா' என்றால் காட்சி. (ராமனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இரண்டையும் ஒட்டியது பழைய கிரேக்கர்கள் அல்ல. எடின்பரோவில் இருந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியரின் கண்டுபிடிப்புக்காக 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த சொல் இது. 1787இல் அவர் காப்புரிமை வாங்கியபோது 'ஒரே பார்வையில் இயற்கை' என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுத் தொடரைத்தான் பெயராக வைத்திருந்தார். நல்லவேளை, அது நிலைக்கவில்லை. 1793இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டமான கட்டடம் எழுந்தது. நடுவில் மேடை, சுற்றுச்சுவர் முழுக்க ஓவியம். மேடையில் நிற்பவர் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினால்தான் முழுதும் பார்க்கலாம். அந்த அனுபவத்தின் பெயர்தான் பனோரமா.

பொருள் சீக்கிரமே நழுவிவிட்டது. திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டினப் போரை 1800இல் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற ஓவியர் சுமார் 120 அடி நீளத்துக்கு வரைந்து லண்டனில் காட்டினார். முழு வட்டமில்லை, ஆனாலும் பனோரமா என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது படங்களை இணைத்துப் பனோரமா ஆக்கும் ஹியூகின் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது. ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1998இல் எழுதத் தொடங்கிய 'பனோரமா டூல்ஸ்' என்ற நிரல்களின் மேல், பாப்லோ டி'ஆஞ்சலோ தொடங்கி வைத்த திட்டம் இது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஹியூகின் என்பது வட ஐரோப்பிய நார்ஸ் புராணத்தில் 'ஓடின்' என்ற கடவுள் வளர்க்கும் அண்டங்காக்கை. தினமும் உலகைச் சுற்றிவந்து கண்டதைச் சொல்லும். நம்மூர்க் கதையில் மயில் பார்த்த வேலை.

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று காவிரி, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் என்று வரிசையாக எடுத்த 14 படங்களைக் கொடுத்தேன். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தப் பொதுப் பகுதியில் ஒரே இடம் இரு படங்களிலும் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் தேடிப் புள்ளி வைக்கும். 'கட்டுப்பாட்டுப் புள்ளி' என்று இதை மொழிபெயர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அது எதையும் கட்டுப்படுத்துவதில்லை. பொருத்துப்புள்ளி என்றால் போதும்.

கோபுரம் அழகாகப் பொருந்தியது. பக்கத்தில் இருந்த கம்பித் தடுப்புதான் இரண்டு இடத்தில் முறிந்து நின்றது. பள்ளி இயற்பியலில் படித்த இடமாறு தோற்றப்பிழையேதான். நான் என் உடம்பை அச்சாக வைத்துக் கேமராவைச் சுற்றியிருக்கிறேன். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றி நான் நகர்ந்திருக்க வேண்டும். தூரத்துப் பொருள் இந்தத் தப்பை மன்னிக்கும், கைக்கெட்டும் கம்பி மன்னிக்காது.

சரி, படங்களை இணைக்கும் இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தின் 'ஸ்டிச்சிங்'கை அப்படியே தைத்தல் என்றால் ஊசி நூல்தான் நினைவுக்கு வருகிறது. நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: மூட்டுதல். புதுக் கைலி வாங்கினால் தையற்காரரிடம் 'மூட்டிக் கொடுங்க' என்போமே, அது. துணியின் இரு முனைகளும் சேர்ந்து ஒரு குழாயாகிவிடும். முழுச்சுற்றுப் பனோரமாவும் அதேதான்: கடைசிப் படத்தின் வலது ஓரம் முதல் படத்தின் இடது ஓரத்தோடு சேர வேண்டும். படத்தை எந்த வடிவில் விரிக்க என்று கேட்கும்போது ஹியூகின் தரும் தேர்வுகளில் ஒன்று உருளை. பார்க்கரின் வட்டச்சுவரும் உருளைதான்.

எனவே என் கணக்கு இது. 360 பாகையும் மூடி, முனை மூட்டிய படத்துக்குச் சுற்றுக்காட்சி. மூட்டாத கைலி போல விரிந்து கிடப்பதற்கு அகலக்காட்சி. 'எல்லாம்' என்ற கிரேக்க வேரை அப்படியே பிடிக்கும் முழுக்காட்சி என்ற சொல்லையும் யோசித்தேன். நாடகமோ சினிமாவோ பார்ப்பதுபோல் ஒலிப்பதால் விட்டுவிட்டேன்.

என் மலைக்கோட்டைப் படத்தைச் சுற்றுக்காட்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதுகுப் பக்கம் முழுக்க உச்சிப்பிள்ளையார் கோயில் மறைத்துக்கொண்டது. பாதி வட்டத்தில் முடிந்த அகலக்காட்சிதான் அது, முறிந்த கம்பியோடு.