மீட்டர் ஏன் 13-லேயே நிற்கிறது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய வேன் ஒன்றில் படுக்கை, சின்ன அடுப்படி, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு கடற்கரை கடற்கரையாகப் போய்வருகிறார். கூரையில் 300 வாட் சோலார் பேனல். ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி மாட்டி ஒரு மாதம் ஆகிறதாம். "காலையில மீட்டர்ல 13.2 வோல்ட், சாயங்காலம் 13.1. போன வாரம் வாலிநோக்கத்துல ராத்திரி ஒன்பது மணிக்கு 12.9 காட்டுச்சு. நடுராத்திரியில எல்லாம் பட்டுன்னு அணைஞ்சுபோச்சு. கெட்டுப்போனது மீட்டரா, பேட்டரியா?"

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. 12.9 என்ற எண்ணுக்கு அவர் பழைய அர்த்தத்தைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஆசிட் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலே ஓய்வில் 12.7 தான் காட்டும். இந்த லித்தியம் பேட்டரியில் 12.9 என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மீதம்.

வேனில் மாட்டும் லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 3.2 வோல்ட் செல்கள் நான்கு வரிசையாகச் சேர்ந்தால் 12.8. உள்ளே ஒரு பக்கம் கிராஃபைட், மறு பக்கம் இரும்பு பாஸ்பேட். பேட்டரி வேலை செய்யும்போது கிராஃபைட்டிலிருந்து கிளம்பும் லித்தியம் தன் எலக்ட்ரானைக் கழற்றிவிடுகிறது. அயனி நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து போகிறது. எலக்ட்ரானுக்கு அந்த வழியில் அனுமதி இல்லை, அது வயர் வழியாகத்தான் போயாக வேண்டும். மண்டபத்திலிருந்து ஒருவர் படகிலும் இன்னொருவர் பாம்பன் பாலத்திலும் கிளம்பி, ராமேஸ்வரத்தில் சந்திப்பதுபோல. எலக்ட்ரான் பாலத்தைக் கடக்கும் நேரத்தில்தான் உங்கள் ஃபேன் சுற்றுகிறது.

சரி, வோல்டேஜ் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது? இதற்கு விடை வாலிநோக்கத்திலேயே இருக்கிறது, உப்பளத்தில்.

பாத்தியில் கடல்நீர் காயக் காய, நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைமானியில் டிகிரி ஏறிக்கொண்டே போகும். 25 டிகிரியை ஒட்டி உப்பு விளையத் தொடங்கும். தூய உப்புக் கரைசல் என்றே வைத்துக்கொள்வோம் (நிஜப் பாத்தியில் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து அளவு இன்னும் ஏறும்). உப்பு விளைய ஆரம்பித்த பிறகு எவ்வளவு தண்ணீர் ஆவியானாலும் மீதி நீரின் அடர்த்தி மாறாது. கூடுதலான உப்பு படிகமாக அடியில் இறங்கிவிடும். மானி அப்படியே நிற்கும், பாத்தியில் உப்பு மட்டும் ஏறும். மானியை வைத்துக்கொண்டு எவ்வளவு உப்பு விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசிட் பேட்டரி, உப்பு விளைவதற்கு முந்தைய பாத்தி. அதில் கந்தக அமிலமே வினையில் செலவாகிறது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகும், வோல்டேஜும் கூடவே இறங்கும். மெக்கானிக்குகள் ஹைட்ரோமீட்டரை, அதாவது அதே மிதவைமானியை, விட்டுப் பார்ப்பது இதனால்தான்.

இரும்பு பாஸ்பேட், உப்பு விளைந்துகொண்டிருக்கும் பாத்தி. அதன் துகளுக்குள் லித்தியம் ஒரே சீராகப் பரவி நிற்க விரும்புவதில்லை. ஒரு பகுதி லித்தியம் நிறைந்ததாகவும், மறு பகுதி அநேகமாகக் காலியாகவும் பிரிந்து நிற்கும். புதிதாக வரும் ஒவ்வொரு அயனியும் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கொஞ்சம் நகர்த்துகிறது, அவ்வளவுதான். நூறாவது அயனி வந்தபோது இருந்த அதே நிலைமைதான் கோடியாவது அயனிக்கும். அடுத்த அயனியை உள்ளே இழுக்கும் ஆசையின் அளவைத்தான் நாம் வோல்டேஜ் என்கிறோம். நிலைமை மாறாததால் ஆசையும் மாறவில்லை. லித்தியம் தீரும் கட்டத்தில் இந்த ஏற்பாடு முடிந்துபோகும், வோல்டேஜ் மலைச்சரிவில் உருளும் கல்லைப்போல விழும். ஒரு செல் 2.5 வோல்ட்டை நெருங்கியதும் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் இணைப்பைத் துண்டிக்கும். வாலிநோக்கத்தில் நடுராத்திரி நடந்தது அதுதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

லித்தியம் என்றாலே வெடிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்த வகையில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருக்கிறது. சூடானாலும் எளிதில் விடாது. எனவே தீக்கு உள்ளிருந்து ஆக்சிஜன் கிடைப்பது கடினம். ஆனால் பிளஸ் வயர் எங்காவது தகரத்தில் உரசினால் பாயும் மின்னோட்டம் வயரையே எரித்துவிடும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும், இதில் சமரசமே கூடாது.

இந்தப் பொருளை 1997-இல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக்கட்டுரையில் மூன்று பெயர்கள்: அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப். முதல் இருவரும் இந்தியர்கள், வேலை நடந்ததோ டெக்சாஸில். மூன்றாமவர் 2019-இல், தம் 97-ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். நம் பக்கத்திலோ மின்வேதியியல் வேலை இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். இவ்வளவு முன்னால் தொடங்கிய நாம் இன்றும் செல்களைப் பெரும்பாலும் சீனாவிலிருந்து வாங்குகிறோம். ஆய்வகங்களுக்குப் பணத்தை வருடக் கணக்கில் பிரித்துக் கொடுத்துவிட்டு, மறு வருடமே பலன் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதிரிப் பொருளைக் கண்டுபிடிக்கப் பொறுமையான பணம் வேண்டும்.

இனி வேனுக்கு வருவோம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள சோலார் கன்ட்ரோலரின் அமைப்பை லித்தியத்துக்கு மாற்றியாயிற்றா என்று முதலில் பாருங்கள். ஆசிட் பேட்டரிக்கான சமன்படுத்தும் சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டிப் போகும், லித்தியத்துக்கு அது ஆகாது. இன்ஜின் ஆல்டர்னேட்டரை நேராக இணைக்காதீர்கள். இந்தப் பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். மின்னோட்டத்தை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை நடுவில் வையுங்கள். பேனலுக்கும் கூரைக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். நம் ஊர் வெயிலில் பேனல் 65 டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். ஒற்றைப் பனையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் நஷ்டம் அதைவிடப் பெரியது. உப்புக்காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் தாங்கும்.

அப்புறம், வோல்ட்மீட்டரைக் கழற்றிவிட்டு, மைனஸ் வயரில் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்த மானிட்டர் ஒன்றை மாட்டுங்கள். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் அது ஒன்றொன்றாக எண்ணிக் கணக்கு வைக்கும். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து கணக்கு மெல்லப் பிசகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேட்டரியை முழுதாக நிறையவிட்டால், மானிட்டர் தானே 100 சதவீதத்துக்குத் திரும்பிக்கொள்ளும்.