தொளதொளக்கும் பி தந்தி

ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நான்கு தந்திகள் கச்சிதம், தடித்த பி மட்டும் தொளதொளவென்று கிடக்கிறது. கொஞ்சம் ஓங்கி மீட்டினால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் பட்டு அதிர்கிறது. சுருதியும் முதலில் சற்று ஏறி, அப்புறம்தான் இறங்கி நிற்கிறது.

இதற்கான கணக்கு பழையது. பிரான்சின் மரின் மெர்சென் என்ற துறவி 1630-களிலேயே எழுதிவைத்தார். தந்தியின் இழுவிசையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதிரும் நீளம், அதிர்வெண், ஓர் அங்குலத் தந்தியின் எடை. முதல் இரண்டும் இருமடியாக (தன்னைத் தானே பெருக்கிய அளவில்) வரும், எடை நேர் விகிதத்தில் வரும்.

பேஸில் பி-க்கு அடுத்த தடித்த ஈ தந்தி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது, பி 30.87 முறை. ஏறக்குறைய முக்கால் பங்கு. முக்காலின் இருமடி 0.56. ஆகவே ஈ தந்தியையே தளர்த்தி பி-க்குக் கொண்டுவந்தால் இழுவிசையில் 56 சதவீதம்தான் மிஞ்சும். அதை ஈடுகட்ட எடை 1.78 மடங்காக வேண்டும். எடை குறுக்களவின் இருமடியில் ஏறுவதால், தடிமன் 1.33 மடங்கானால் போதும். தந்திப் பாக்கெட்டில் போடும் எண் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் குறிப்பது. ஈ 105 என்றால் அதே இறுக்கத்துக்கு பி 140 ஆக வேண்டும். ஐந்து தந்தி செட்களில் வருவதோ பெரும்பாலும் 125 அல்லது 130. 34 அங்குல நீளத்தில் 105 ஈ சுமார் 18 கிலோ இழுவிசையில் நிற்கும்போது, 130 பி 15-16 கிலோவில் நிற்கிறது.

அப்படியானால் 140 போட்டுவிடலாமே? போடலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பேஸ் தந்தியின் நடுவில் எஃகு உள்கம்பி, அதன் மேல் சுற்றுக்கம்பி. எடையைக் கூட்டுவது பெரும்பாலும் சுற்று. விறைப்பைக் கூட்டுவது உள்கம்பி. விறைத்த தந்தியில் மேல் ஒலிகள் அடிப்படை ஒலியின் சரியான மடங்குகளில் நிற்காமல் மேலே நழுவும், சுருதி தெளிவில்லாமல் 'தொம்' என்று மட்டும் கேட்கும். தந்தி செய்பவர்கள் தடிமனைக் கூட்ட உள்கம்பியைப் பெருக்காமல் சுற்றின் மேல் சுற்று போடுவது இதனால்தான். சிலர் உடலின் மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வெளிச்சுற்றை நீக்கி மெலிந்த முனையாக விடுவார்கள். அங்கே தந்தி எளிதாக வளையும், ஒலியும் தெளியும். ஒரே எண் போட்ட இரண்டு தந்திகள் கையில் வேறுவிதமாக இருப்பதற்கும் உள்ளே இருக்கும் இந்த அமைப்பே காரணம். எண்ணை மட்டும் பார்க்காமல், தயாரிப்பாளர் இழுவிசை அட்டவணை தந்திருந்தால் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

நீளத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. 34 அங்குலம் 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸோடு நிலைத்துவிட்ட அளவு, அதுவும் நான்கு தந்திகளுக்கு. 35 அங்குலமாக்கினால் இழுவிசை 6 சதவீதம் ஏறும். ஃப்ரெட்களை விசிறியாகச் சாய்த்து, பி-க்கு மட்டும் 37 அங்குலம் தரும் டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களில் 18 சதவீதம். இதைப் படித்துவிட்டு 35 அங்குலக் கிட்டார் தேடுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: 130-ஐக் கழற்றி 135 மாட்டினாலே சுமார் 8 சதவீதம் கிடைக்கிறது. புதுக் கிட்டாரைவிட ஒரு தந்தி ரொம்ப மலிவு.

தந்தியை உடலின் பின்புறத்திலிருந்து கோத்தால் இறுகும், தலைப்பகுதி நீண்டால் இறுகும் என்ற பேச்சு ஓயாமல் வருகிறது. கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்தியைத் தாங்கும் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் வெளியே கிடக்கும் துண்டு அதிர்வதில்லை, அதனால் அதே சுருதிக்கான இழுவிசை மாறாது. விரலால் வளைக்கும்போது அந்தத் துண்டு கொஞ்சம் இளகித் தருவது மட்டும் உண்மை.

தடித்த தந்தி மாட்டுவதற்கு முன் நட்டின் வெட்டைப் பாருங்கள். 130-க்கு அரத்தால் அளவெடுத்த பள்ளத்தில் 140 உட்காராமல் உயர்ந்தே நிற்கும், விரல் வைக்காமல் மீட்டும் திறந்த சுரமும் சரியாகப் பேசாது. கழுத்தும் கூடுதல் இழுப்புக்குச் சற்று வளையலாம், கழுத்துக்குள் இருக்கும் தண்டான டிரஸ் ராடை லேசாக இறுக்க வேண்டி வரும். மெலிந்த முனைத் தந்தி என்றால் பிரிட்ஜில் தாழ்ந்து உட்காரும், பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலை உயர்த்த வேண்டும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பி-யின் அடியில் மிக நெருக்கமாக இருந்தால் அதன் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குலைக்கும். திருகைச் சுழற்றிப் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி மீட்டிப் பாருங்கள். தந்தியின் குற்றமென்று நினைத்ததில் கொஞ்சம் அங்கே இருக்கலாம்.